புழுக்கத்தில் பிடித்த ஐஸ்

"புக்... புக்... கர்ர்ர்" என்று இருமியது இன்ஜின். இரண்டாயிரம் அடி உயரத்தில், இரண்டே சீட் கொண்ட குட்டி விமானத்தில், அதை ஓட்டிய பல் டாக்டர் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார்.

பக்கத்துச் சீட்டில் மனைவியின் தம்பி. ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கடைவாய்ப் பல் வீங்கி, நாளைக்கு டாக்டரிடமே பிடுங்கிக்கொள்வதாக இருந்தவன். இன்றைக்கு இந்த விமானத்துக்கு அவன்தான் நீதிபதி. "என் தம்பி ஒரு சுத்து சுத்திட்டு வந்து சரின்னு சொன்னா வச்சுக்கோங்க. இல்லேன்னா அந்தத் தகரத்தை வித்துடணும்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள் மனைவி. பத்து வருஷம் ஊரார் சொத்தைப் பல்லைக் குடைந்து வாங்கிய தகரம் அது.

"என்ன மாமா, மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல மச்சான். நீ கீழ நல்லாப் பாக்கணும்னு மெதுவாப் போறேன்."

கீழே இருந்ததெல்லாம் அவர்களைப் பார்க்க மேலே வந்துகொண்டிருந்தது. பெட்ரோல் முள் பாதியில்தான் நின்றது. பிறகென்ன கேடு?

மச்சான் காதைச் சாய்த்துக் கேட்டான். "இன்ஜினுக்குக் காத்து போற வழில ஐஸ் பிடிச்சிருக்கு மாமா."

"இந்தப் புழுக்கத்துலயா? சட்டையப் பிழிஞ்சா ஒரு குடம் வரும்."

"ஈரக் காத்துலதான் பிடிக்கும். கார்புரேட்டர்ல பெட்ரோல் ஆவியாகறப்ப ஜில்லுன்னு ஆயிடும்ல? ஃப்ரிட்ஜும் அந்தக் கதைதான். சூடு காட்ட வழி இல்லையா?"

இருந்தது. பயிற்சிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை, 'குளிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று புரட்டிவிட்டவர் டாக்டர். சூடான காற்றை உள்ளே விடும் குமிழைப் பிடித்து இழுத்தார்.

இன்ஜின் முன்னைவிட மோசமாக இருமி, விக்கி, உதறியது. டாக்டர் பதறிப்போய்க் குமிழை மறுபடி உள்ளே தள்ளப் போனார். மச்சான் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐஸ் உருகின தண்ணி உள்ள போகுது, இருமத்தான் செய்யும். நீங்க எல்லாரையும் சேர்ல சாய்ச்சுட்டுச் சொல்வீங்களே, அதேதான். முதல்ல கொஞ்சம் கஷ்டமா இருக்கும், அப்புறம் சரியாயிடும்."

"அது சும்மா சொல்றதுடா."

மச்சான் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். கையை மட்டும் விடவில்லை. அரை நிமிஷத்தில் இன்ஜின் தொண்டையைச் செருமிக்கொண்டு முழுக் குரலில் பாடத் தொடங்கியது.

தரையில் கம்பி வேலியோரம் மனைவி காத்திருந்தாள். "என்னடா, எப்படி?"

மச்சான் வீங்கிய கன்னத்தைத் தடவினான்.

"பிளேனுக்கு ஒரு குறையும் இல்லக்கா, தாராளமா வச்சுக்கட்டும். என் பல்லைத்தான் வேற டாக்டர்கிட்ட காட்டப் போறேன்."