பனிக்குள் வந்து உட்கார்ந்தவர்

ரேணுகாதேவி பனிமலையை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் மாதத்தில் இரண்டு மூன்று தடவை அவள் தூக்கத்தில் பனி பெய்யும். சத்தமே இருக்காது. சாயம் போடுவதற்கு முன் கொடியில் தொங்கும் பட்டு நூலைப் போல நீளநீளமாக, அவசரமில்லாமல் இறங்கும். நடுவில் ஒரு கூடாரம். அதற்குள் அவள் புருஷன் வெற்றிச்செல்வன் ஒருக்களித்துப் படுத்திருப்பார். அவள் வெளியிலேயே நிற்பாள், கூப்பிட மாட்டாள். அவர் தனியாகத்தான் இருப்பார், ஆனால் பயந்தவர் மாதிரி இருக்காது. விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு தையல் மெஷினில் உட்காரும்போது அவளுக்கு மனசு லேசாக இருக்கும்.

வெற்றிச்செல்வன் பட்டாளத்தில் லான்ஸ் நாயக். காஷ்மீருக்கும் மேலே, மலை உச்சிக் காவலில் இருந்தபோது பனி சரிந்து மூடிவிட்டது. கல்யாணமாகிச் சில வருஷங்கள்தான். குழந்தை இல்லை. உடலைக் கொண்டுவந்த பெட்டியோடு கூடவே வந்த அவருடைய சிநேகிதர் குமரேசன்தான் அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். "தூங்கிகினு இருக்கும்போதே நடந்துடுச்சி, அண்ணி. கூடாரத்துல இருந்த யாருக்குமே ஒண்ணும் தெரியல. படுத்தது படுத்தபடியேதான் எடுத்தோம்." அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் தூங்கி எழுந்தாள்.

ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் அவள் வீடு. ஆரணி நகரத்தில் ஹேமசந்திர நயினாரின் பட்டுக்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பதும் சேலைக்கு ஓரம் அடித்துக் கொடுப்பதும் அவள் பிழைப்பு. அந்த ஆடி மாதம், ஆவணி முகூர்த்தங்களுக்காகக் கடையில் கூட்டம் நெரிந்த ஒரு முற்பகலில், தைத்த ரவிக்கைகளோடு அவள் உள்ளே ஓரமாக நின்றிருந்தாள். அப்போதுதான் சக்கரவர்த்தி வந்தார்.

அறுபதைத் தாண்டிய மனிதர். கறுத்த மீசை, பட்டாளத்துத் தொப்பி, சட்டைப் பையின் மேல் வரிசையாக மெடல்கள். பைக்கைக் கடை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, காத்திருந்தவர்களைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். புடவை மடித்துக்கொண்டிருந்த லாவண்யா என்ற பெண் நிமிரவில்லை.

"எக்ஸ் சர்வீஸ்மேன் வந்து நிக்கிறன். எழுந்திரிக்க மாட்டியா? எங்கள மாதிரி ஆளுங்க முழிச்சிகினு இருந்ததாலதான் நீங்கல்லாம் இங்க புடவ மடிச்சிகினு இருக்கீங்க."

லாவண்யா எழுந்து நின்றாள். அவள் காது சிவந்துவிட்டது. வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "ஆரம்பிச்சிட்டாருய்யா. பேஜார் புடிச்ச ஆளு. பேங்க்லயும் இதே கதைதான்" என்றார். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி என்பதால் ரேணுகாவுக்கு அந்த வார்த்தை தன் மேலும் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

நயினார் சண்டை சச்சரவை விரும்பாதவர். நாற்காலி போட்டு மோர் வரவழைத்தார். சக்கரவர்த்தி உட்கார்ந்ததும் குரல் மாறியது. தாழ்ந்து, மெதுவாகி, கடையே காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது.

"பனின்னா இன்னான்னு தெரியுமா நயினாரே உங்களுக்கு? மூச்சு விட்டா அதுவே மீசையில கட்டியாயிடும். சரிவு வந்து மூடுன அன்னிக்கு இந்தக் கையாலதான் நோண்டுனன். ஒரு பையன் உசுரோட வந்தான். நம்ம பக்கத்துப் பையன்தான். வெற்றின்னு பேரு, வெற்றிச்செல்வன். என் மடியிலதான் தல வச்சிருந்தான். 'சார், என் சம்சாரத்துக்கு ஆறுதல் சொல்லுங்க'ன்னான். அவ்ளோதான்."

மின்விசிறியின் காற்றில் ஒரு சேலையின் முந்தி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. லாவண்யாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரேணுகா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெயரை அவளே வாய்விட்டுச் சொன்னதில்லை. எத்தனையோ வருஷம் கழித்து, கூட்டத்துக்கு நடுவில், முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து அது வந்தது.

பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அன்று பஸ்ஸில் போகும்போது, ஒரு மடி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததும் அது நிஜம் போலவே ஆகிவிட்டது. வெயிலில் வயல்கள் வெளுத்துக் கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே எல்லாமே பனி மாதிரி தெரிந்தது. அதில் ஒருவர் மடியில் அவர் தலை வைத்திருந்தார். அவளுக்காக ஏதோ சொன்னார். தனக்கென்று ஒரு சொல் வந்துவிட்டதே என்று அவள் உடம்பெல்லாம் இதமாக இருந்தது.

வீட்டுக்குப் போய்க் குமரேசனுக்குப் போன் செய்தாள். அவர் ஓய்வுபெற்றுத் தெள்ளாரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சக்கரவர்த்தியா? அந்தாளு ஹவில்தார், அண்ணி. எங்க யூனிட்டுதான், ஆனா கீழ பேஸ் கேம்ப்ல ஸ்டோர் பாத்துகினு இருந்தாரு. மேல ஏறுனதே கெடயாது. ரிட்டயர் ஆனப்புறம் தனக்குத்தானே சுபேதார்னு போட்டுகினாரு. அந்த மெடல்ல பாதி அவருது இல்ல. எக்ஸ் சர்வீஸ்மேன் சங்கத்துல எவ்ளோவோ சொல்லிப் பாத்தோம். இந்த மாதிரி ஒரு ஆளு போதும். டோல்கேட்டுல கார்டு காட்டுனாக்கூட 'வந்துட்டானுங்கடா'ன்ற மாதிரி பாக்கறாங்க. நான் இப்பல்லாம் கார்டை வெளியவே எடுக்கறதில்ல. காசக் குடுத்துட்டுப் போயிடறன்."

"நான் ஒண்ணும் சண்ட போடப் போறதில்ல தம்பி" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

உண்மையில் அவளுக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. இன்னொரு முறை கேட்க வேண்டும் போலிருந்தது. சுதந்திர தினத்தன்று ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் கொடியேற்றப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அங்கே போய்ப் பெற்றோர்களுக்கு நடுவில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மிட்டாய் வாசனையும் ஈரமண் வாசனையுமாக இருந்தது அந்தக் காலை. சக்கரவர்த்தி மைக்கைப் பிடித்தார். பனி வந்தது, சரிவு வந்தது, மடி வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஆனால் இந்தத் தடவை வெற்றிச்செல்வன் பெண்டாட்டியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. கொடியைப் பார்த்து சல்யூட் வைத்துவிட்டுச் செத்துப் போனார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு ஒருநாள் கடையில் மறுபடி அதே கதை. அன்றைக்கு மடியில் கிடந்த வெற்றிச்செல்வன் தண்ணீர் கேட்டார். பெண்டாட்டி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயர் சாந்தி.

அதற்குப் பிறகுதான் கனவு கெட்டுப்போனது. பனி அதேபோல இறங்கியது. கூடாரம் இருந்தது. ஆனால் உள்ளே சக்கரவர்த்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், மெடல்களோடு. அவர் பேசிக்கொண்டே இருந்ததில் பனிக்குச் சத்தம் வந்துவிட்டது. மடியில் படுத்திருந்த முகம் திரும்பினால் வேறு யாரோ. ரேணுகா கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அவள் புருஷன் எங்கேயும் இல்லை. ஒரு முறை கூடாரத்தின் பின்பக்கம் பட்டுக்கடை வரிசை நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்து, சாந்தி, சாந்தி என்று கூப்பிட்டார்கள். விழித்தபோது கன்னம் நனைந்திருந்தது.

ஆவணி பாதி கழிந்த பிறகு ஒரு பகலில் அவள் வந்தவாசி ரோட்டில் இருக்கும் சக்கரவர்த்தி வீட்டுக்குப் போனாள். கதவில் 'சுபேதார்' என்று பித்தளைப் பலகை. திறந்தவர் அவர் மனைவி சசிகலா. உள்ளே சக்கரவர்த்தி பனியனோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தொப்பி இல்லாத தலையில் சாயத்துக்கு அடியில் வெள்ளை எட்டிப் பார்த்தது. கனவில் வந்தவரைவிடச் சின்ன மனிதராக இருந்தார்.

"யாரு, தையக்கார அம்மாவா? நயினார் அனுப்பிச்சாரா?"

"இல்லீங்க. நான் வெற்றிச்செல்வன் சம்சாரம்."

சொல்லி முடித்த பிறகுதான், அந்தப் பெயரைத் தானே சொல்லிவிட்டது அவளுக்கு உறைத்தது. சக்கரவர்த்தியின் விரல் நின்றது. ஆனால் வாய் நிற்கவில்லை. பல வருஷமாக ஓடிப் பழகிய வாய்.

"ஐயோ, நீயாம்மா? அவன் என் மடியிலதாம்மா... பனி அப்படியே மூடிகினு இருந்துச்சி. இந்தக் கையாலதான் நோண்டி..."

"சொல்லுங்க" என்றாள் ரேணுகா.

"உன் பேரத்தாம்மா சொல்லிகினே இருந்தான். கடசி வரிக்கும்."

"என் பேரு இன்னாங்க?"

அவர் அவளைப் பார்த்தார். சசிகலாவைப் பார்த்தார். கடலைத் தோல் மின்விசிறிக் காற்றில் தரையெல்லாம் ஊர்ந்தது. பிறகு அவர் முகம் கறுத்தது.

"இருபத்திரண்டு வருஷம் நாட்டுக்கு உழைச்சவன் நானு. என் வீட்டுக்கே வந்து கேள்வி கேக்கறியா? கலெக்டரே எனக்கு எழுந்து நிப்பாரு, தெரியுமா?"

"ஸ்டோர்ல உழைச்சீங்க" என்றாள் சசிகலா, குரலை உயர்த்தாமல். "அதுவும் உழைப்புதானே. அத சொல்லிக்க இன்னா வெக்கம்? இந்தப் பொம்பளகிட்டகூடவா?"

"நீ உள்ள போ."

சசிகலா போகவில்லை. ரேணுகாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். ரேணுகா குடித்தாள். வரும் வழியெல்லாம் எதையெதையோ சொல்ல நினைத்திருந்தாள். இப்போது ஒன்றுதான் வாயில் வந்தது.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லீங்க. எனக்கு அவர் கனவுலதான் வருவாரு. வேற எடம் இல்ல. அங்க நீங்க வந்து ஒக்காந்துகினு இருக்கீங்க. தயவு பண்ணி எழுந்து போங்க."

வெளியே ஒரு பால் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சக்கரவர்த்தி எதிரிலிருந்த கடலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார், மறுபடி இந்தப் பக்கமாக ஒதுக்கினார். பேசியபோது அது மைக் முன்னால் கேட்ட குரல் இல்லை.

"ஊருக்கு வந்த புதுசுல எல்லாரும் கேட்டாங்க, எத்தன பேர சுட்டீங்கன்னு. சுடல, கம்பளி குடுத்துகினு இருந்தேன்னு சொன்னன். சிரிச்சாங்க. அப்புறம் ஒருநாள் ஒரு சின்ன கத சொன்னன். எழுந்து நின்னாங்க. அப்பலேர்ந்து..."

"அவர உங்களுக்குத் தெரியுமா? நெஜமா?"

"தெரியும்." யோசித்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. "மேல ஏர்றதுக்கு முன்னாடி சாமான் வாங்க ஸ்டோருக்கு வருவாங்க. ஸ்டோருக்குள்ள மண்ணெண்ண அடுப்பு எரியும், அதனால கதகதன்னு இருக்கும். ஒரு மூலையில புதுக் கம்பளிய அடுக்கி வச்சிருப்பன், மேல்கூர வரிக்கும். அவன் வந்தான்னா, 'சக்கரவர்த்தி சார், கொஞ்சம் கண்ண மூடிக்கிறன்'னு சொல்லிட்டு அது மேல ஏறிப் படுத்துக்குவான். அடுத்த நிமிஷம் தூங்கிடுவான். கடசியா மேல போன அன்னிக்கும் அப்படித்தான் தூங்கினான். பேர் கூப்பிட்டுகினு இருந்தாங்க வெளியில. எனக்கு எழுப்ப மனசு வரல. ரெண்டு மூணு தரம் பாத்துட்டுச் சும்மா வந்துட்டன். இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்னு."

ரேணுகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொறட்ட விட்டாரா?"

"விட்டானா? ஸ்டோரே அதிரும்மா. வெளிய நிக்கிற சென்ட்ரி சிரிப்பான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கும்போது அது வேறு ஏதோவாக மாறியிருந்தது. சசிகலா பக்கத்தில் வந்து அவள் தோளில் கை வைத்தாள். சக்கரவர்த்தி எழுந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு அவர் அடியோடு மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. பேங்கில் இன்னும் சத்தம் போடுகிறார் என்று நயினார் சொன்னார். வாசல் பலகையும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அடுத்த குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டபோது, தனக்கு உடம்பு சரியில்லை, தெள்ளாரிலிருந்து குமரேசனைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். குமரேசன் போனார். ஐந்து நிமிஷம் பேசினார். மேலே குளிரும், காலுறையை மறக்காமல் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வெற்றிச்செல்வன் பெயரை அதற்குப் பிறகு எந்த மைக்கும் சொல்லவில்லை.

இதெல்லாம் பிறகு. அன்றைய பகலில் ரேணுகா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவந்து தேவிகாபுரம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. காற்று வெதுவெதுப்பாக முகத்தில் பட்டது. மேல்கூரை வரை அடுக்கிய கம்பளிகளின் வாசனை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். புதுத்துணி வாசனைதான், கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து. கண் செருகியது. யாரோ அவளையும் இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"எந்த ஊரும்மா நீ? எழுந்திரும்மா, தேவிகாபுரமே வந்துடுச்சி."

கண்டக்டர் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். பஸ் காலியாக இருந்தது. அவள் ஊர் எப்போதோ பின்னால் போய்விட்டது. ரேணுகா இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆரணி போகிற பஸ்ஸைப் பிடிக்க எதிர்ப்பக்கம் போய் நின்றாள். ஒரு பஸ் வந்தது. கூட்டமாக இருக்கவே விட்டுவிட்டாள். அடுத்தது வரட்டும் என்று நிழலில் உட்கார்ந்துகொண்டாள்.