ஹத்னேயின் நாற்பதாவது கம்பு

ஓப் வளைகுடாவின் பனிக்கட்டியைக் கடந்த மறுநாள் காலை ஹத்னேயின் கூடாரக் கம்புகளில் ஒன்று துளிர்த்திருந்தது. பன்னிரண்டாம் நாள் ஒரு காடே அவளுடைய சறுக்குவண்டிக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது. அந்த ஏப்ரலில், வடதுருவத்தை ஒட்டிய யமால் நிலத்தில் தேயிலைக்குத் தட்டுப்பாடு, கொசு இன்னும் வரவில்லை, மற்றபடி குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை.

தப்பு ஹத்னேயுடையதுதான், அவளே அதை மறைத்ததில்லை. வருஷா வருஷம் கலைமான் மந்தையோடு வடக்கே போய்த் திரும்பும் அவர்களுக்குள், கூடாரம் போடுவதும் பிரிப்பதும் பெண்கள் பாடு. கம்புகள் நாற்பது. மரமே முளைக்காத தூந்திரத்தில் கம்பு ஒடிந்தால் மாற்றுக்கு வழியில்லை என்பதால், குளிர்காலத்தை வளைகுடாவுக்குத் தெற்கே காட்டில் கழிக்கும்போதே வெட்டிச் சீவி ஒரு வருஷம் காயவைத்துவிடுவார்கள். அவளோ கிளம்புகிற அன்றைக்கு ஒரு கம்பு ஒடிந்துபோன அவசரத்தில் இளம் லார்ச் மரம் ஒன்றை வெட்டி, பட்டையை உரிக்காமல், நுனியில் தொங்கிய காயைக்கூடத் தட்டாமல் வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டாள். லார்ச் குளிரில் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் செத்ததுபோல நிற்கும். உயிர் எந்த மூலையில் பதுங்கியிருக்கிறது என்று யார் கண்டது?

துளிரைப் பார்த்த அவள் கணவன் யாப்கோ, "பரவால்லயே, உன் கை பட்டா கம்புகூடப் பச்சையாகுது. நான்தான் இப்படிக் காய்ஞ்சு கிடக்கேன்" என்றான். அவள் சிரித்துவிட்டு, கம்பை வெட்டிப் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டாள். அதுதான் இரண்டாவது தப்பு.

காய் வெடித்து விதைகள் கூடாரத்துக்குள்ளேயே முளைத்தன. முளைத்தவை இடுப்புயரம் வருவதற்குள் கூடாரம் இரண்டு தடவை பிரித்துப் போடப்பட்டுவிட்டது. பிறந்தது முதல் அதையே பார்த்ததால் பிழைப்பு என்றால் இதுதான் என்று அவை நினைத்துக்கொண்டன. பெண்கள் கம்பைப் பிடுங்கினால் அவை வேரைப் பிடுங்கின; முதல் வண்டி நகர்ந்தால் ஒன்றன் தடத்தில் ஒன்றாக வரிசையில் சேர்ந்துகொண்டன. ஒரு மரமாக இருந்தவரை அது மரம்தான். முப்பது ஆனதும் ஒரு குலமாகிவிட்டது. குலம் வந்தால் அண்டியிருப்பவர்கள் வராமல் இருப்பார்களா? அணில் வந்தது, மரங்கொத்தி வந்தது, வேரைச் சுற்றிக் காளான் வந்தது, ஒரு கரடியும் தன் குட்டியோடு வந்தது. அப்புறம் நிழல் விழுந்தது, நிழலில் பனி பொதபொதவென்று ஆழமானது, காற்றுகூட ஈரமாகி மெதுவாக வீசியது. வளைகுடாவுக்குத் தெற்கே மிச்சமிருந்த பழைய காட்டுக்கும் சேதி எட்டி, அதுவும் பனிக்கட்டி மேல் நடந்து வந்து வரிசையின் கடைசியில் சேர்ந்தது. அதற்குமேல் அதை மரங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. அது ஒரு நிலம்.

கலைமான்களுக்கு அந்த நிலம் ஒத்துவரவில்லை. சினைமான்கள் நாலு பக்கமும் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில்தான் ஈனும். ஓநாய் ஒளிந்துவரத் தோதான இடத்தில் நிற்கவே நிற்காது. ஈனுகிற மேடு இன்னும் ஒன்பது நாள் தூரம். காளான் என்றால் உயிரை விடும் கிடாக்கள் அதன் வாசனை பிடித்துத் திசைக்கு ஒன்றாகச் சிதறின. அந்த மந்தையில் முப்பது சினைமான்கள் ஹத்னே கல்யாணத்துக்குக் கொண்டுவந்தவற்றின் வழியில் வந்தவை. அவை நின்று நின்று திரும்பிப் பார்த்தன.

வானொலியிலும் நல்ல சேதி இல்லை. காடு காலி செய்த இடத்தில் புல்வெளி ஏறிவிட்டதாம். மரம் அறுக்கிற ஊர்களில் காட்டுக்குதிரைகள் மேய்கின்றனவாம். புல்வெளி விட்ட இடத்துக்குப் பாலைவனம் வந்து, ஒரு தபால் அலுவலக ஜன்னலில் ஒட்டகம் தலையை நீட்டியிருக்கிறது. வடக்கே தூந்திரத்தின் ஓரம் தினம் ஒரு முழமாகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. வரிசையில் பின்னால் நிற்பவன் தள்ளினால் முன்னால் நிற்பவன்தானே விழவேண்டும்? தூந்திரத்துக்கு முன்னால் கடல்தான் இருக்கிறது.

முகாமின் தலைவர் மியாங்சே, யாப்கோவின் அண்ணன். கோடாலியை எடுக்கச் சொன்னார். ஒரு நாள் முழுக்க வெட்டினார்கள். விறகு தேவைப்படுகிறது போலும் என்று எண்ணி மேலும் நூறு மரங்கள் முன்னால் வந்து நின்றன. மியாங்சே கோடாலியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"ஹத்னே, உன் வண்டியப் பார்த்துத்தான் இது வருது. வரிசையில உன்னை வச்சுக்க முடியாதும்மா."

"தெரியும் பெரியத்தான். நான் கூட்டிட்டு வந்தது, நானே கொண்டுபோய் விட்டுடறேன்."

"வளைகுடாப் பனி இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு நினைச்சே?" என்றான் யாப்கோ. அவன் குரலில் கிண்டல் இல்லை.

"தாங்கற வரைக்கும் போறேன். என் மானுங்களப் பார்த்துக்க. நீயும் ஒழுங்காச் சாப்பிடு."

அவள் துளிர்த்த கம்பை முதல் வண்டியில் கட்டி, முகத்தைத் தெற்கே திருப்பினாள். காடு ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பியது.

வளைகுடாவில் பனியின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பனி மெலிந்திருந்தால் வண்டிகளுக்கிடையே கயிற்றைத் தளர்த்தி இடைவெளி விட்டுப் போவது அவர்கள் வழக்கம். ஹத்னே தன் மூன்று வண்டிகளின் கயிறுகளையும் தளர்த்தினாள். பின்னால் திரும்பிப் பார்த்தால் மரங்களும் ஒன்றுக்கொன்று விலகி, வேர்களை அகலப் பரப்பி, மெல்ல மெல்ல அடி வைத்து வந்தன. கரடி குட்டியை வாயில் கவ்விக்கொண்டு கடைசியில் வந்தது. காலுக்கடியில் பனி முனகிய இரண்டு நாளும் அவள் பயந்துகொண்டேதான் போனாள். அக்கரை ஏறிய அன்று மாலை வளைகுடா பீரங்கி வெடித்தாற்போல உடைந்தது.

கரையிலிருந்து இரண்டு நாள் தூரத்தில், குளிர்கால முகாமில், அவள் வெட்டிய லார்ச்சின் அடிமரம் அப்படியே இருந்தது. கம்பை அதன்மேல் நிறுத்தினாள். அசைக்க முடியாதபடி பொருந்திக்கொண்டது.

"இதுதான் உன் வீடு. நடக்கறது எங்க வேலை, நிக்கறது உன் வேலை" என்றாள்.

காடு அவளைச் சுற்றி வந்து வேரிறக்கியது. அணில்கள் பொந்து பார்த்துக்கொண்டன. நாலே நாளில் புல்வெளி தன் பழைய எல்லைக்கு இறங்கியது, ஒட்டகம் ஜன்னலை விட்டுப் போனது, தூந்திரம் விழுவதை நிறுத்தியது. எல்லாம் வானொலியில் வானிலைக்குப் பிறகு சொன்னார்கள். ஹத்னே மட்டும் கரைக்குத் திரும்பி உட்கார்ந்து, திறந்த தண்ணீரைப் பார்த்து அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் கவனித்தாள்: மரங்கள் நடந்த தடத்தில், இரண்டு வண்டி அகலத்துக்கு, பனி உடையாமல் கிடந்தது. உள்ளே மெல்லிய வேர்கள் பின்னியிருந்தன. அதன்மேல் ஏறிப் போனாள். அவள் அக்கரை சேரும்வரை அது தாங்கியது, பிறகு கரைந்தது.

ஈனுகிற மேட்டை அவள் அடைந்த காலை யாப்கோ தூரத்திலிருந்தே முப்பது விரல் காட்ட முயன்று, கை போதாமல் தொப்பியைத் தூக்கி வீசினான். முப்பதும் ஈன்றிருந்தன. அவள் வண்டியிலிருந்து இறங்கி, ஈரம் காயாத ஒரு குட்டியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது.

அந்தக் கோடை முழுக்க அவள் கூடாரத்தில் முப்பத்தொன்பது கம்புகள்தான். நாற்பதாவதின் இடைவெளியில் காற்று விசிலடித்துக்கொண்டு வந்தது. தோலைச் சுருட்டி அடைத்துச் சமாளித்தாள். இலையுதிர் காலத்தில் மந்தையோடு தெற்கே இறங்கியபோது வளைகுடாவின் அக்கரையில், தன் இடத்திலிருந்து இரண்டு நாள் தூரம் முன்னால் வந்து, அந்த லார்ச் தனியாக நின்றுகொண்டிருந்தது. ஹத்னே அதை நாலு வார்த்தை திட்டி அதன் இடத்துக்கு அழைத்துப் போனாள். பிறகு முப்பத்தொன்பது கம்புகளையும் அதன்மேல் சாய்த்துக் கூடாரத்தைப் போட்டாள். மியாங்சே உள்ளே வந்து, மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, காற்று வரவில்லையே என்றார், தேநீர் கேட்டார்.