கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு

கீரனூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் சந்தை நாள் கூட்டம் நெரிந்தது. செல்வராணி கத்தரிக்கோலால் மாத்திரை அட்டைகளை வெட்டிக்கொண்டே இருந்தாள். ரெண்டு கேட்டால் ரெண்டு, நாலு கேட்டால் நாலு. மருந்தின் பெயர் பெரும்பாலும் மிச்ச அட்டையோடு டப்பாவுக்குள் போய்விடும். வெட்டியதைக் காகித உறையில் போடும்போதே, "காலையில ஒன்னு, சாப்ட்டுட்டுப் போடுங்க" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லும்.

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் கிடந்தவளை முதலாளி சரவணக்குமார்தான் கூப்பிட்டுக் கடையில் நிறுத்தினார். "எனக்கு மருந்தப் பத்தி ஒன்னும் தெரியாதுண்ணே. அதுக்கு ஃபார்மசில்ல படிச்சிருக்கணும்" என்று அவள் அன்றைக்கே சொன்னாள்.

"கடை போர்டுல என்ன போட்டிருக்கு? கெமிஸ்ட்ஸ். நீ என்ன படிச்சிருக்க? கெமிஸ்ட்ரி. பெறகென்ன?" என்று சிரித்தார் அவர்.

ஃபார்மசி படித்தவரின் சான்றிதழ், அவர் போட்டோவோடு, சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. கோபிநாத் என்று பெயர். ஆள் திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். சான்றிதழுக்கு மட்டும் மாதாமாதம் வாடகை போனது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சந்தனராஜ் வந்தார். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கொத்தனார். முழங்கை வரை சிமெண்டு காய்ந்திருந்தது.

"பாப்பா, வாய்ப்புண்ணுக்கு எதாச்சும் குடு. எங்க வீட்டுக்காரி அடைக்கலமேரிக்கு வாயெல்லாம் வெந்துபோச்சு. கஞ்சித்தண்ணி கூட எறங்க மாட்டேங்குது."

"வேற என்னண்ணே செய்யுது?"

"காச்சல் அடிக்குது. எந்திரிச்சா தலை கிறுகிறுங்குது. ஆனா மூட்டுவலி கொறஞ்சிருக்கு. அன்னைக்கு நீ குடுத்த மஞ்ச மாத்திரை தீந்துபோச்சு, அதையும் குடுத்துரு. நீ சொன்னாப்புல தெனம் காலையில ஒன்னு. ஒரு நாள் தவறல."

செல்வராணி டப்பாவை இறக்கினாள். அட்டையை உருவும்போதுதான் டப்பாவின் பக்கவாட்டில் கட்டம் கட்டி அச்சடித்திருந்த சிவப்பு எழுத்து கண்ணில் பட்டது. வாரம் ஒருமுறை மட்டும். தினமும் எடுத்தால் உயிருக்கு ஆபத்து. ஆங்கிலத்தில்தான் இருந்தது. அவளுக்கு ஆங்கிலம் தெரியும். இந்த டப்பாவை எத்தனையோ தடவை எடுத்திருக்கிறாள், ஒரு தடவையும் திருப்பிப் பார்த்ததில்லை.

அந்த மருந்தின் மூலக்கூறை அவள் தேர்வில் வரைந்திருக்கிறாள். எந்த இடத்தில் நைட்ரஜன், எந்த இடத்தில் இரட்டைப் பிணைப்பு, எல்லாம் தெரியும். அது ஒரு மனுசியின் வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித்தரவில்லை. ஐயோ, கொன்னுட்டேனா? கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவி விழுந்தது.

சரவணக்குமார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் முகத்தையும் டப்பாவையும் பார்த்தவர் காதருகே குனிந்தார். "சத்து மாத்திரையும் வாய்ப்புண் மருந்தும் குடுத்து அனுப்பு. எதையும் ஒளறாத."

ஆனாலும் அவள் சொல்லிவிட்டாள். "அண்ணே, அந்த மாத்திரை வாரத்துக்கு ஒன்னுதான் போடணும். நான் தப்பாச் சொல்லிட்டேன். இப்பவே அக்காவப் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்த டப்பாவக் காட்டுங்க. நிக்காதீங்கண்ணே, ஓடுங்க!"

சந்தனராஜ் திட்டவில்லை. "நீதானே பாப்பா சொன்ன?" என்று மட்டும் கேட்டார். பிறகு டப்பாவைப் பறித்துக்கொண்டு இறங்கி ஓடினார்.

சாயங்காலம் அவள் போன் செய்தபோது சந்தனராஜுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. "ரத்த அணு எல்லாம் செத்துப்போச்சாம். ரத்தம் ஏத்துறாக. எதுவும் சொல்றதுக்கில்லங்குறாக." பின்னால் யாரோ செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. செல்வராணி தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலை அவள் கடைக்குள் நுழைந்தபோது அவளுடைய ஸ்டூலில், அவள் மாட்டிக்கொள்ளும் வெள்ளைக் கோட்டில், சுவர்ப் படத்தில் இருந்த ஆள் உட்கார்ந்திருந்தார். சரவணக்குமார் அவள் கையில் விளக்குமாற்றைத் திணித்தார்.

"மருந்து இன்ஸ்பெக்டர் வர்றாரு. கூட்டிக்கிட்டு இரு. வாயத் தொறந்தேன்னா ஒன்னயத்தான் உள்ள வைப்பாங்க. மருந்தத் தொடவே சட்டப்படி ஒனக்கு உரிமை இல்ல, தெரியும்ல?"

அதிகாரி வந்தார். சான்றிதழ்ப் படத்தையும் கோபிநாத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாரத்துக்கு ஒன்னுன்னு தெளிவாச் சொல்லிக் குடுத்தேன் சார்" என்றார் கோபிநாத். குரல் பிசிறவில்லை. "கிராமத்துச் சனம். சீக்கிரம் குணமாகட்டும்னு தெனம் முழுங்கியிருக்கும்."

"ஒரு பொண்ணு குடுத்துச்சுன்னு அந்தம்மா புருசன் சொல்றாரே."

"பதட்டத்துல எதையாச்சும் சொல்லுவாங்க சார்."

அதிகாரி திரும்பினார். "நீ யாரும்மா?"

நான்தான் சார், என்று சொல்ல வாயெடுத்தாள். போலீஸ் ஜீப், அப்பாவின் முகம், ஆஸ்பத்திரியில் கிடக்கும் அடைக்கலமேரி, எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன.

"கூட்டுற பொண்ணு சார்" என்றார் சரவணக்குமார்.

அதிகாரி தலையாட்டினார். தன் பூட்ஸ் கால்களைக் கொஞ்சம் ஒதுக்கி, அவள் கூட்டுவதற்கு இடம் விட்டார்.