நோயாளிதான் கூப்பிட வேண்டும்

பிரிதாவின் பின்கழுத்து முடியை வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரிக்கோல் மறுபடியும் என் கையிலிருந்து நழுவியது. அந்த வாரத்தில் நான்காவது முறை. வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போய் இரண்டு மாதம் ஆகிறது. வியாழக்கிழமை தலைநகர் தோர்ஷாவ்னில் கழுத்தில் அறுவை சிகிச்சை. கை பழையபடி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முடி வெட்டுவதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது.

"காதை மட்டும் விட்டு வைடி," என்றாள் பிரிதா. "மூப்பருங்களைக் கூப்பிட்டியா?"

"கூப்பிடணும்."

"எப்போ? என் காது போனப்புறமா?"

எங்கள் சபையில் மூப்பர்கள் வந்து நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள். ஆனால் கூப்பிடாமல் வரமாட்டார்கள். கணவன் கூப்பிட்டாலும் அம்மா கூப்பிட்டாலும் செல்லாது. நோயாளியே கூப்பிட வேண்டும். வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று இந்தத் தீவில் கறாராகச் சொல்லிவிடுவார்கள். என் கை விஷயம் எங்கள் ஊர் க்ளாக்ஸ்விக் முழுக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மூப்பர்கள் என் கையைப் பார்ப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார்கள்.

"ஆண்டவருக்கு ஆயிரம் வேலை இருக்கும் பிரிதா. சின்னப் பிள்ளைங்க புற்றுநோயில கிடக்குதுங்க. நான் தினமும் 'உமக்குச் சித்தமானால்'னு ஜெபிக்கிறேனே, அது போதாதா?"

அவள் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள். "அவரால முடியும்னு நம்புற. உனக்குச் செய்ய அவருக்கு மனசு இருக்குன்னுதான் நம்பல. அவரை என்ன, கஞ்சன்னு நெனச்சியா?"

எனக்குக் கோபம் வந்தது. அவளுடைய ஊன்றுகோல்கள் சுவரில் சாய்ந்திருந்தன. மீன் தொழிற்சாலையில் சரக்கு வண்டி மோதி இடுப்பு நொறுங்கி ஆறு வருடம்.

"நீ மூணு தடவை கூப்பிட்டியே, என்ன ஆச்சு?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளோ சிரித்தாள்.

"முதல் தடவைக்கப்புறம் ராத்திரி தூக்கம் வந்துச்சு. ரெண்டாவதுல, வண்டிய என் மேல ஏத்தினவன் வீட்டுக்குப் போய்க் காபி குடிச்சேன். மூணாவதுல ஒண்ணும் ஆகல, மழையில நனைஞ்சு ஜலதோஷம் பிடிச்சதுதான் மிச்சம். நவம்பர்ல திரும்பக் கூப்பிடப் போறேன். அவருக்கு மனசு இருக்குடி. ஏன் இவ்வளவு தாமதம்னு கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

அவள் போன பிறகு தரையில் கிடந்த முடியைக் கூட்டாமல் நின்றேன். கேட்காமலிருப்பது பணிவு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கேட்காத வரை ஆண்டவர் எனக்கு இல்லையென்று சொல்லவும் முடியாது. அந்தச் சௌகரியத்தில் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறேன். பிரிதாவோ இடுப்பு வலியோடு அவர் முன்னால் போய் நிற்கிறாள், திரும்பத் திரும்ப. அந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது? நன்றாக நடக்கிற எங்களில் யாருக்கும் அது இல்லை.

இடது கையால் எண்களை அழுத்தினேன்.

"ஹானுஸ் அண்ணே, நான் ரன்வா. எனக்கு உடம்பு சரியில்ல. நீங்க வரணும்."

"அப்பாடா!" என்றார் மூப்பர். "பத்து நாளா எண்ணெய்ப் புட்டி கோட்டுப் பையிலயே கிடக்கும்மா. உன் போனுக்குக் காத்திருந்தே என் வீட்டுக்காரி இளைச்சுட்டா."

அரை மணி நேரத்தில் மூப்பர்கள் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். அவர்களுடைய கம்பளிச் சட்டைகளில் உலர்ந்த ஆட்டிறைச்சி வாசம் அடித்தது. வாடிக்கையாளர் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். ஹானுஸ் புட்டியைச் சற்றுத் தாராளமாகச் சாய்த்துவிட்டதால் எண்ணெய் நெற்றியிலிருந்து மூக்குக்கு வழிந்தது.

"ஆண்டவர்கிட்ட என்ன கேக்கணும்? நீயே சொல்லும்மா."

'உமக்குச் சித்தமானால்' என்ற வழக்கமான சொல் நாக்குவரை வந்தது. விழுங்கினேன்.

"இந்தக் கை குணமாகணும். நீங்க குணமாக்குவீங்கன்னு நம்புறேன் ஆண்டவரே."

மூப்பர்கள் ஆமென் சொன்னார்கள். விரல்கள் அப்போதும் மரத்துத்தான் இருந்தன. ஆனாலும் நான் வாய்விட்டு அழுதேன். ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றவளை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்ததுபோல் இருந்தது.