போகிக்குப் போன மாங்கட்டை

போகியன்று காலை குளித்துவிட்டு வந்து பின்பக்கத்து பால்கனியைப் பார்த்தால் கட்டையைக் காணோம். எங்கள் வீட்டில் கட்டை என்றால் அது ஒன்றுதான். போன மே மாதம் ஆந்தி என்கிற புழுதிக்காற்று சுழற்றியடித்து சொஸைட்டி பார்க்கிலிருந்த மாமரம் விழுந்தபோது, அறுக்க வந்த ஆட்களிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்த துண்டு.

டெல்லி மயூர் விஹாரில் மரத்துண்டை வீட்டுக்குள் வைத்துக் கொஞ்சுகிறவன் நான் ஒருத்தன்தான். ரிட்டயர் ஆனதும் என்னோடு வேலை பார்த்தவர்களெல்லாம் வாக்கிங் போனார்கள். நான் ஒரு கடைசல் மெஷின் வாங்கி பால்கனியில் போட்டுக்கொண்டு கிண்ணமும் குங்குமச் சிமிழுமாகக் கடைந்து தள்ளினேன். ஆனால் இந்தக் கட்டை வேறு ரகம். ஈரச் சாக்கில் சுற்றி மழைக்காலம் முழுக்க மூடி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பிடித்து, மரத்துக்குள் மெல்லிசாகக் கருப்புக் கோடு இழுத்துக்கொண்டே போகும். கடைந்தால் பேனாவால் வரைந்த மாதிரி இருக்கும். சனியன், அந்தப் பூஞ்சைக்கு எங்கே நிறுத்துவது என்று மட்டும் தெரியாது. நாம் முந்திக்கொண்டால் வெறும் மாமரம், பிந்தினால் ரவையாக உதிர்ந்துவிடும். அதனால் தீபாவளிக்கப்புறம் சாக்கைப் பிரித்துக் காயப்போட்டுவிட்டு, தினமும் நகத்தால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடது கை நகத்தால். ஆகஸ்டில் மெஷின் முன்னால் நின்று வேறொரு கிண்ணம் கடைந்துகொண்டிருந்தபோதே எனக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. கால் முக்கால்வாசி திரும்பி வந்தது, பேச்சு முழுசாகத் திரும்பி வந்தது. அது கொஞ்சம் நிதானமாகவே வந்திருக்கலாம் என்பாள் என் மனைவி ராஜலக்ஷ்மி. வலது கைதான் வம்பு. பிடி என்றால் பிடிக்கும், விடு என்றால் விடாது. எக்ஸர்சைஸ் சொல்லிக்கொடுக்க வருகிற பெண் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்குங்க அங்கிள், அமுக்குங்க அங்கிள் என்கிறாள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. மனசுக்குள் ஒன்று தீர்மானித்து வைத்திருந்தேன். கட்டை தயாராகும்போது கையும் தயாராகிவிடும். அதைக் கடைந்துவிட்டால் நான் பழைய பட்டாபி. முடியவில்லையென்றால் மிச்ச ஆயுசுக்கும் பந்துதான்.

போளிக்குப் பருப்பு அரைத்துக்கொண்டிருந்த ராஜியைக் கேட்டேன். பழசையெல்லாம் கேட்டில் கொடுத்தாச்சு என்றாள், திரும்பிப் பார்க்காமலே. டெல்லியில் குளிர்காலத்தில் புகை என்றால் எல்லோருக்கும் பயம், போகிக்கு எதையும் கொளுத்த விடமாட்டார்கள். அதனால் எங்கள் பில்டிங் தமிழ்க் குடும்பங்கள் கிழிந்த பாயையும் ஓட்டை முறத்தையும் வாட்ச்மேன் ராம்பீரிடம் தந்துவிடுவது வழக்கம். அவன் குளிர் காய இரும்புச் சட்டியில் மூட்டுகிற நெருப்பில் அவை போய்ச் சேரும். அதுவும் கூடாதுதான், யாரும் கண்டுகொள்வதில்லை.

குரங்குக் குல்லாயும் அரைகுறை ஈரமுமாக ஓடினேன். ஓடினேன் என்பது ஒரு பேச்சுக்கு. மூடுபனியில் கேட் தெரியவில்லை, நெருப்பு தெரிந்தது. என் கட்டையின் ஒரு முனை சட்டிக்குள் இருந்தது. ராம்பீர் அதன்மேல் கையை நீட்டிக்கொண்டு, பஹுத் அச்சி லக்டி சாப், நல்ல கட்டை, நின்று எரிகிறது என்று பாராட்டுப் பத்திரம் வேறு வாசித்தான். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. சுட்டதும் இடது கை விட்டுவிட்டது. வலது கை விடவில்லை. சுடுவது தெரிகிறது, விடு விடு என்கிறேன், அது பாட்டுக்குக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ராம்பீர் வாளித் தண்ணீரைக் கட்டைமேலும் கைமேலும் சேர்த்துக் கொட்டி, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். பாவம், அவனுக்கு முகமே செத்துவிட்டது.

கட்டையோடு வீட்டுக்கு வந்து கத்தினேன். எதிர் ஃப்ளாட் கதவு திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. உளுத்த விறகுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதா, எட்டு மாசமாக நான் இதைக் கட்டிக்கொண்டு அழுவது உன் கண்ணில் படவில்லையா என்று என்னென்னவோ கேட்டேன். ராஜி என் உள்ளங்கையில் மருந்து தடவினாள். தடவி முடித்து, டியூபை மூடினாள்.

"தெரியாம ஒண்ணும் குடுக்கலை. தெரிஞ்சேதான் குடுத்தேன்."



"அன்னிக்கு நீங்க விழுந்துட்டேள், உங்களுக்கு அதோட சரி. மெஷின் ஓடிண்டே இருந்தது. உங்க தலைக்கு மேல கிண்ணம் விர்ருனு சுத்தறது, கிட்ட வர பயமா இருக்கு, எதை அமுக்கினா நிக்கும்னு எனக்குத் தெரியலை. வாசல்வரைக்கும் ஓடிட்டு மறுபடியும் உள்ளயே ஓடி வந்தேன். இப்ப விடத் தெரியாத கையோட அது முன்னாடி போய் நிக்கப்போறேள். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ."

அவள் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் பொங்கல் பொங்கியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால்கனிக்குப் போவேன், கரிந்த கட்டையைப் பார்ப்பேன், உள்ளே வருவேன், டீவியைப் போடுவேன், அணைப்பேன். லோதி ரோடு ஆபீஸில் கூட இருந்த அனந்தகிருஷ்ணன் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டான். அவனிடமும் எரிந்து விழுந்துவிட்டு போனை வைத்தேன். மெஷினை விற்றுத் தொலைக்கிறேன் என்று ராஜியிடம் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

அதற்கு மறுநாள் கனுப் பொங்கல். கலந்த சாதமெல்லாம் சாப்பிட்டாகிவிட்டது. பாத்திரத்தை ஒழித்துப் போட்டுவிட்டு ராஜி பால்கனிக்கு வந்தாள். மூக்கில் என்னுடைய தூசி மாஸ்க்.

"எது நிறுத்தற ஸ்விட்ச்? காட்டுங்கோ."

சிவப்புப் பட்டனைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளங்கை எரிச்சலோடேயே கரிந்த முனையை அறுத்துத் தள்ளிவிட்டு மிச்சத்தை மாட்டினேன். உளி பட்டதும் மாவாகக் கொஞ்சம் உதிர்ந்து, அப்புறம் கெட்டி மரம் வந்தது. வெளிப்பக்கம் வழுவழுவென்று ஆனதும் கோடுகள் வந்தன, கருப்பும் காப்பிக் கலருமாக, நான் நினைத்ததைவிட நன்றாக. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே குடையும்போது ஓர் இடம் பொதபொதவென்றிருந்து உளியைக் கடித்து இழுத்தது. விட்டிருக்க வேண்டும், கை விடவில்லை. நான் என்ன ஏது என்று உணர்வதற்குள் மெஷின் நின்றிருந்தது. உம், போடுங்கோ என்று மட்டும் சொன்னாள் ராஜி. போட்டேன்.

குடைந்து முடித்தேன். கை செய்துவிட்டது. விளிம்பு மட்டும் விரல் தடிமனுக்கு நின்றது. நான் கடைந்த கிண்ணமென்றால் வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பில் வெயில் தெரியும், அதில் எனக்குக் கர்வம் உண்டு. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். உளியை நகர்த்திக்கொண்டே ராஜியைப் பார்த்தேன். அவள் கிண்ணத்தைப் பார்க்கவேயில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டன்மேல் அவள் விரல் வெளுத்திருந்தது. ஆகஸ்டிலிருந்து என் ஒரு கையைத் தவிர வேறு யார் கையையும் நான் பார்க்கவில்லை.

உளியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"முடிஞ்சுடுத்தா?" என்றாள்.

"முடிஞ்சுடுத்து ராஜி. நிறுத்து."