மூலையில் யார் பெயர்

என் வேலையே சந்தேகப்படுவதுதான். ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தரம் பார்க்கிறேன். எவன் "எல்லாம் சரியா இருக்கு சார்" என்கிறானோ, அவன் கொண்டுவந்த பாகத்தைத்தான் முதலில் அளப்பேன். அந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றிப் போட எனக்குத் தெரியவில்லை.

சேக்காட்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் என் மனைவி யுவராணி கண்ணாடி ஓவியம் செய்கிறாள். வண்ணக் கண்ணாடிகளை வெட்டி அடுக்கி மின்சூளையில் வைத்தால், உருகி ஒரே படமாகிவிடும். ஆறு வருடம் யாரும் சீண்டவில்லை. இப்போதுதான் நகரத்தில் முதல் கண்காட்சிக்குத் தேதி கிடைத்திருக்கிறது. நடுவில் வைக்கும் பெரிய படம் மட்டும் பாக்கி.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தோணுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மாங்காட்டு அம்மா குடுக்கறா. சுத்தி நெருப்பு, நடுவுல ஒத்தக் கால்ல நின்னுகினு தவம் பண்றா. கண்ண மூடினா கலர் கலரா வருது."

இது ஒரு பதிலா? ஒன்பதாவதோடு நின்றவளுக்கு அம்மன் வரைபடம் கொடுக்கிறாளாம். வெள்ளிக்கிழமை மாங்காடு போகிறவள், திரும்பும்போது பூந்தமல்லியில் மஸூத் கடையில் கண்ணாடி வாங்குவாள். போன மாதம் அவள் பையில் அந்தக் கடை பில் கிடைத்தது. அதன் பின்பக்கம் பெரிய படம் முழுவதும் வரைந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரைவது அவன், பெயர் இவளுக்கா? நாளைக்கு ஊர் சிரித்தால் என் மானம்தானே போகும்!

நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வியாழன் மாலை அந்தப் படத்தைச் சூளையில் வைத்து, கதவில் வழக்கம்போலக் குங்குமம் இட்டாள்.

"அதுவா ஆறணும். கோயிலுக்குப் போய் வந்து நான்தான் தொறப்பேன். யாரும் கை வெக்கக் கூடாது."

எப்போதும் சொல்வதுதான். அன்று எதையோ மறைக்கிறாள் என்று பட்டது.

மறுநாள் காலை அவள் பஸ் ஏறியதும் திறந்தேன். மூலையில் யார் பெயர் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அனல் முகத்தில் அடித்தது. மூலையில் 'யு' என்ற ஒரே எழுத்து. நடுவில் ஐந்து தீ, ஒற்றைப் பாதம். டிக் என்று ஒரு சத்தம். பாதத்தின் குறுக்கே விரிசல் ஓடியது. அவசரமாகக் கதவைச் சாத்தி, கலைந்த குங்குமத்தைத் திரும்ப இட்டேன்.

சாயங்காலம் அவள் திறந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாவுக்கு நான் பண்றது புடிக்கல. ரொம்ப ஆடிட்டேன் போல கீது. கண்காட்சி வேணாம். இனிமே கண்ணாடியத் தொடமாட்டேன்." கண்காட்சிக்காரர்களிடம் சொல்லிவிட அழுதுகொண்டே போனை எடுத்தாள்.

சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். என்னால் முடியவில்லை.

"அம்மன் இல்ல, நான்தான் தொறந்தேன். மஸூத் பேரு இருக்குமோன்னு."

"மஸூத் அண்ணனா?"

"பில்லுல படம் இருந்துச்சே."

"பஸ்ஸுல மறந்துடப் போறேன்னு கண்டக்டர்கிட்ட பேனா வாங்கி நான் வரைஞ்சது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒடஞ்சத உடு, ஒரு வாரத்துல வேற போட்டுக்குவேன்."

எனக்கு மூச்சு வந்தது. அவள் சூளைக் கதவையே பார்த்தாள்.

"அப்போ அந்தக் குங்குமம்? அதையும் நீங்கதான் வெச்சீங்களா?"

நான் தலையாட்டினேன். நான் வைத்த குங்குமத்தை அவள் முந்தானையால் அழுந்தத் துடைத்தாள்.