நடுவில் ஒன்றுமில்லை

“நீங்க வேலைக்குப் பறக்குற அந்த ரெண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம்?” என்று நிஷாந்தினி முன்பொருநாள் போனில் கேட்டாள்.

“பறந்தா நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர். நீ கண்டியில பஸ் ஏறி நாவலப்பிட்டி போய்ச் சேர்றதுக்குள்ள நான் எறங்கிருவேன்.”

“நடுவுல என்ன இருக்கு?”

“ஒன்னுமில்ல. ரோடும் இல்ல, ஆளும் இல்ல, பனிதான்.” சத்தியசீலன் சிரித்தான். “ஊருக்கு வரச் சொல்லி மட்டும் கேக்காத புள்ள. வீடு முடியட்டும்.”

கனடாவின் வடகோடியில் கடைகளின் குளிர்பெட்டிகளைத் திருத்துகிற கணவனிடம் அவள் மூன்று வருடமாக அதைக் கேட்கவேயில்லை. விமானம் ஏறும்முன் ஒரு செய்தி அனுப்புவான், முக்கால் மணி நேரத்தில் இறங்கி இன்னொன்று. அதுவரை கண்டி மஹய்யாவ வீட்டில் அவளுக்குக் கைவேலை ஓடாது. நாவலப்பிட்டி பஸ் பழுதானால் பேராதனையிலோ கம்பளையிலோ இறங்கி நிற்கலாம். அந்தப் பனிவெளியில் இறங்க இடமேது?

இன்று அவன் ஏறி இரண்டு மணி நேரமாயிற்று. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து நாறியது. அவள் எழவில்லை.

போன் அடித்தது.

“பயந்துட்டியா? கெளம்பவே லேட்டு, அப்புறம் றெக்கையில ஐஸ் கட்டிருச்சுன்னு பாதியில திருப்பிட்டாங்க. ஐஸ்பெட்டி திருத்துறவனையே ஐஸ் புடிச்சுக்கிச்சு பாரு.” அவன் சிரிப்பு நடுங்கியது. “நாளைக்குக் காலையில திரும்ப ஏத்துறாங்களாம்.”

கூரை போடாத முன்னறையை அவள் ஒருமுறை பார்த்தாள்.

“அதுல ஏறாதீங்க,” என்றாள். “வீடு இப்படியே கெடக்கட்டும். நீங்க ஊருக்கு வந்துருங்க.”